சேலை காலோடு ஒட்டுகிறதா? கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு துணி வழிகாட்டி

தைப்பிங்கில் இருந்தவரை எனக்கு இந்தத் தொல்லை என்னவென்றே தெரியாது. மழைக்குப் பேர்போன ஊர். பின்கட்டுத் தகரக் கொட்டகையில் கொடி கட்டித் துணி காயப்போடுவோம். இன்று காயாவிட்டால் நாளை காயும். சேலை காலில் ஒட்டியதாக அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்கு வந்து மூன்றாவது மாதம், அலுவலகத்தில் தீபாவளி விருந்து. நீல நிற ஜார்ஜெட் சேலை கட்டிக்கொண்டு போனேன். லிப்டிலிருந்து இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் கொசுவம் இரண்டு கால்களுக்கும் நடுவே போய்ச் சுருண்டு ஒட்டிக்கொண்டது. இழுத்துவிட்டால் சடசடவென்று சத்தம். கையை எடுத்ததும் மறுபடி ஒட்டும். கதவுப் பிடியைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று ஷாக். முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள், நான் எழுந்திருக்கவில்லை. மதியம் முழுவதும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததில் எது பலிக்கிறது, எது வீண் செலவு என்று தெரிந்துகொண்டேன். வெளியூரிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ இங்கே வந்து, முதல் முறையாக டிரையர் (துணியைச் சூட்டில் உலர்த்தும் இயந்திரம்) போடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம். கீழே வரும் விலையெல்லாம் நான் கொடுத்த விலை. உங்கள் பக்கம் கொஞ்சம் ஏறி இறங்கும்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு துணி உரசும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னூட்டம் போகிறது. துணியில் ஈரப்பசை இருந்தால் அது உடனே கசிந்து போய்விடும். இல்லாவிட்டால் அங்கேயே தேங்கும். சாதாரணக் காற்றில் 100 கிராம் பருத்தி ஏறக்குறைய 8.5 கிராம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பட்டு 11 கிராம், நைலான் 4 கிராமுக்குச் சற்று மேல். பாலியெஸ்டரோ வெறும் 0.4 கிராம். கோலாலம்பூரின் வெளிக்காற்றில் ஈரம் எப்போதும் உண்டு; அதனால் தெருவில் நடக்கும்போது சேலை ஒட்டுவதில்லை. டிரையருக்குள் இருக்கும் சூட்டில் அந்த ஈரம் போகிறது. அப்புறம் ஏர்கோன் (ஏசி) போட்ட அறையில் அது திரும்பி வர நேரமாகிறது. ஆகவே வைத்தியமும் இந்த இரண்டு இடங்களில்தான்.

1. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் துணி காயும் இடத்தைப் பாருங்கள்

நான் அறை பார்க்கப் போனபோது வாடகை எவ்வளவு, எல்.ஆர்.டி. ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று மட்டும்தான் கேட்டேன். குடிவந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கொண்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) பால்கனியில் துணி தொங்கவிடக் கூடாது. கட்டட நிர்வாகத்தின் வீட்டு விதிகளில் அது எழுதியிருந்தது. எனக்கு யாரும் காட்டவில்லை. துணி துவைத்துக் காயப்போடும் பின்பக்க யார்டு, சமையலறைக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் அகலம். அங்கே நான்கு பேர் துணி. ஆக, வாரா வாரம் டோபிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. டோபி என்றால் இங்கே ஆள் அல்ல, காசு போட்டு நாமே துவைத்து உலர்த்தும் கடை.

நீங்கள் இரண்டு காகிதங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒன்று வாடகை ஒப்பந்தம்: துணி துவைக்கும் இயந்திரம், டிரையர், துணி காய வைக்கும் ரேக் ஆகியவை வீட்டுச் சாமான் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொன்று அந்தக் கட்டடத்தின் வீட்டு விதிகள்: பால்கனியில் துணி போடலாமா, போடக் கூடாதென்றால் அபராதம் எவ்வளவு என்று அதில் இருக்கும். வீட்டுக்காரரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டால் ‘அதெல்லாம் பரவாயில்லை’ என்பார். விதியைப் போடுவது நிர்வாகம், அவர் அல்ல.

யார்டில் ஒரு மடக்கு ரேக் வைக்க இடம் இருந்தாலே போதும், உங்கள் தொல்லையில் பாதி போய்விடும். நான் வாங்கிய ரேக் 45 வெள்ளி. அதில் பாலியெஸ்டர் துணிகளை மட்டும் காயப்போடுகிறேன். மற்றதற்கு டோபி.

2. பாலியெஸ்டரைத் தனியாகப் பிரியுங்கள்

துணிக்கும் ஓர் ஆவணம் உண்டு: உள்பக்கத் தையலில் தொங்கும் சின்ன லேபிள். எத்தனை விழுக்காடு பருத்தி, எத்தனை விழுக்காடு பாலியெஸ்டர் என்று அதில் இருக்கும். கூடவே சில குறிகளும் இருக்கும். சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் டிரையரில் போடலாம். அந்த வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, இரண்டு புள்ளி இருந்தால் வழக்கமான சூடு. மேலே பெருக்கல் குறி போட்டிருந்தால் டிரையர் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

சேலையில் பெரும்பாலும் லேபிள் இருக்காது. கடைக்காரர் ‘சில்க்மா, நல்ல சில்க்’ என்று எடுத்துப் போடுவார். ஆர்ட் சில்க் என்ற பெயரில் வருவதில் பட்டு இருக்காது. பல நேரம் பாலியெஸ்டர்தான். இதைச் சோதிக்க ஒரு வழி: முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலில் ஓர் அங்குலம் வெட்டியெடுத்து, இடுக்கியால் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். உருகிக் கறுப்பு மணியாக இறுகி, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தால் பாலியெஸ்டரோ நைலானோ. முடி கருகும் வாடை வந்து, விரலால் நசுக்கினால் பொடியானால் பட்டு. காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ். என் நீலச் சேலையின் நூல் அரைநொடியில் உருகிச் சுருண்டு, இடுக்கியிலேயே ஒட்டிக்கொண்டது. ‘சாப்ட் சில்க்’ என்று சொல்லி 180 வெள்ளிக்கு விற்ற சேலை.

பிரிப்பது எளிது. பருத்திச் சட்டை, துண்டு, கைலி, படுக்கை விரிப்பு ஒரு குவியல். பாலியெஸ்டர், நைலான், சாட்டின், ஜார்ஜெட், விளையாட்டு உடை இன்னொரு குவியல். இரண்டையும் ஒரே டிரையரில் போட்டால்தான் வினை. மெல்லிய பாலியெஸ்டர் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். தடித்த துண்டு காய இன்னும் இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் காய்ந்த பாலியெஸ்டர் சூட்டில் மற்றத் துணிகளோடு உரசிக்கொண்டே இருக்கும். வெளியே எடுக்கும்போது உள்பாவாடை முதுகில் ஒற்றைக் காலுறை ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான்.

3. துவைக்கும்போது சாப்ட்னர், அதுவும் கடைசி அலசலில் மட்டும்

சாப்ட்னர் என்னும் துணி மென்மையாக்கும் திரவம் வாசனைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். அதில் இருக்கும் வேதிப்பொருள் நேர் மின்னூட்டம் கொண்டது. அது நூலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. உரசலையும் குறைக்கிறது. டவுனி, சாப்ட்லான், கம்பர்ட், எதுவானாலும் வேலை ஒன்றுதான். வாசனையைப் பார்த்து விலை கொடுக்க வேண்டாம். நான் பாக்கெட்டில் வரும் ரீபில் வாங்குகிறேன், 1.5 லிட்டர் 10 வெள்ளிக்குள் கிடைக்கும்போது வாங்கி வைத்தால் தனி ஆளுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வரும்.

இதில் எல்லோரும் செய்யும் தப்பு, சோப்புத் தூளோடு சேர்த்து ஊற்றிவிடுவது. சோப்பு எதிர் மின்னூட்டம், சாப்ட்னர் நேர் மின்னூட்டம். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து பிசினாகும். அழுக்கும் போகாது, ஒட்டலும் போகாது. முன்கதவு இயந்திரமாக இருந்தால் இழுப்பறையில் பூப் படம் போட்ட சின்னக் குழியில் ஊற்றுங்கள். தண்ணீர் எடுக்கும் நேரத்தில் அதுவே எடுத்துக்கொள்ளும். மேல்கதவு இயந்திரமாக இருந்து, தனிக் குழி இல்லையென்றால் கடைசி அலசலுக்குக் காத்திருந்து ஊற்றுங்கள். கையால் துவைப்பவர்கள் கடைசி வாளித் தண்ணீரில் அரை மூடி கலந்து, ஐந்து நிமிடம் ஊறவைத்துப் பிழியுங்கள். பிறகு அலச வேண்டாம். சில டோபிகளில் சோப்பும் சாப்ட்னரும் இயந்திரமே ஊற்றிக்கொள்ளும். சுவரில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள், படித்துவிட்டுக் காசு போடுங்கள். அங்கே நீங்களும் ஊற்றினால் துணி வழவழவென்று ஆகிவிடும்.

எதற்குச் சாப்ட்னர் போடக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். துண்டுக்குப் போட்டால் நாளடைவில் தண்ணீர் இழுக்காது. வியர்வை உறிஞ்சும் விளையாட்டு உடைக்கும் மைக்ரோபைபர் துணிக்கும் அதே கதை. தீப்பிடிக்காத பூச்சு உள்ள குழந்தை இரவு உடைகளுக்குக் கண்டிப்பாகப் போடாதீர்கள். அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

4. டோபியில் டிரையர்: முழுக்கக் காய விடாதீர்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மற்ற எல்லாம் லேசாகிவிடும்.

எங்கள் பேட்டை டோபியில் டிரையருக்கு 25 நிமிடம் 5 வெள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஐந்து நிமிடம். நோட்டை மாற்றி டோக்கன் எடுத்துப் போடலாம். இப்போது கைப்பேசியில் கியூஆர் காட்டியும் கட்டுகிறார்கள். சூடு மூன்று நிலை. நான் வந்த புதிதில் சூட்டை ‘ஹை’யில் (உச்சத்தில்) வைத்து, 5 வெள்ளி போட்டு, ‘இன்னும் கொஞ்சம் காயட்டும்’ என்று மேலே 2 வெள்ளி போடுவேன். துணி அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று சுடச்சுட வரும். அதுதான் நல்லது என்று நினைத்தேன். மடிக்கும்போது கை ரோமம் எழுந்து நிற்கும்.

ஒரு சனிக்கிழமை காலை, அங்கே தரை துடைக்கும் அக்கா நான் மறுபடி காசு போடப் போவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

“இரும்மா, போடாத. முதல்ல கதவத் தொறந்து கைய உள்ள விடு.”

திறந்தேன். குப்பென்று சூடு முகத்தில் அடித்தது. என் சல்வாரின் கால் பக்கத்தை இழுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

“என்ன தெரியுது?”

“சூடாத்தான் இருக்குக்கா.”

“ஈரம்?”

“இல்ல.”

“அப்ப இது காஞ்சு ரொம்ப நேரமாச்சு. இடுப்புப் பட்டியப் பிடிச்சுப் பாரு.” இடுப்புப் பட்டியின் மடிப்பில் மட்டும் குளிர்ச்சியாக லேசான ஈரம் இருந்தது. “தடிச்ச எடத்துல இவ்ளோ ஈரம் இருக்கணும், மெல்லிசா இருக்கிற எடம் காஞ்சிருக்கணும். அப்பவே எடுத்துடு. மிச்சத்தக் காத்து பாத்துக்கும். எதுக்கும்மா காச வீணாக்கிற?”

அன்றைக்கு அவர் சொன்னபடியே எடுத்தேன். வீட்டுக்கு வந்து மடித்தபோது ஒரு சத்தமும் இல்லை.

அவர் சொன்னதை நான் இப்படிச் செய்கிறேன். பருத்திக் குவியலை நடுச்சூட்டில் போட்டு, 20ஆவது நிமிடத்தில் கதவைத் திறந்து இடுப்புப் பட்டி, அக்குள் தையல், சட்டைக் காலர் மூன்றையும் தொட்டுப் பார்க்கிறேன். ரேக்கில் இடமில்லாமல் பாலியெஸ்டரையும் கொண்டு வந்திருந்தால் குறைந்த சூட்டில் தனி டிரையரில் 10 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம் கூட இல்லை. குறைந்தது 5 வெள்ளி கட்ட வேண்டிய இயந்திரத்தில் 10 நிமிடத்துக்கு மட்டும் பணம் கட்ட முடியாது. அப்படியென்றால் பத்தாவது நிமிடம் பாலியெஸ்டரை எடுத்துவிட்டு, மிச்ச நேரத்துக்குத் துண்டுகளைப் போடுங்கள். எங்கள் டோபியில் கதவு திறந்திருந்தாலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்; ஆகவே கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சட்டென்று எடுங்கள்.

டிரம்மை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். அடைத்துப் போட்டால் நடுவில் இருப்பது காயாது, ஓரத்தில் இருப்பது காய்ந்து கருகும். காசு போடும் முன் பஞ்சு வடிகட்டியைப் பாருங்கள். முன்னால் போட்டவர் விட்டுச்சென்ற பஞ்சு அடைத்திருந்தால் காற்று சரியாகப் போகாது. நேரம் கூடும், செலவும் கூடும்.

போகும் நேரமும் முக்கியம். ஞாயிறு மாலை போனால் வரிசையில் நிற்க வேண்டும். யாராவது உங்கள் துணியை எடுத்து மேசையில் போட்டுவிடுவார்கள், அல்லது நீங்கள் கடைக்குப் போய் வருவதற்குள் துணி முழுக்கக் காய்ந்துவிடும். சனி, ஞாயிறு காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடிமழை அடிக்கும் நாட்கள் அதிகம். அன்று மாலை ஊரே டோபியில் இருக்கும். டிரையர் ஓடும்போது அங்கேயே இருங்கள். தொட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே.

5. எடுத்ததும் உதறுங்கள், அரைமணி நேரம் காற்றில் விடுங்கள்

சூட்டோடு சூடாகப் பிளாஸ்டிக் பையில் திணித்து முடிச்சுப் போடுவது என் பழைய வழக்கம். டிரையரிலிருந்து வந்த மின்னூட்டம் அப்படியே அடைபட்டு இருக்கும். இப்போது துணிக்கூடை கொண்டு போகிறேன். ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு முறை உதறிவிட்டுப் போடுகிறேன்.

வீட்டுக்கு வந்து ஏர்கோன் போடாமல், ஜன்னலைத் திறந்து, ரேக்கில் அரைமணி நேரம் தொங்கவிடுங்கள். நம் ஊர்க் காற்று இலவசமாகச் செய்யும் வேலை இது. ஈரக்காற்று துணிக்குள் இறங்கி, தேங்கியதை எல்லாம் கசியவிட்டுவிடும். பாலியெஸ்டரைக் கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் ஹேங்கர்தான் இருக்கிறது என்றால், கம்பி ஹேங்கர் ஒன்றை எடுத்துத் துணியின் உள்பக்கம் மேலிருந்து கீழாக ஒருமுறை தடவிவிடுங்கள். மடித்து அலமாரியில் வைத்துவிட்டால் இரவெல்லாம் அறையில் ஏர்கோன் ஓடினாலும் அதிகம் பாதிக்காது.

6. உள்பாவாடையை மாற்றுங்கள்

சேலைக்காரர்களுக்கு இது. எல்லாம் சரியாகச் செய்தும் எனக்கு ஒட்டல் முழுதாகப் போகவில்லை. குற்றவாளி உள்ளே இருந்தது. சேலைக்குப் பொருத்தமாக வழவழவென்று ஒரு சாட்டின் உள்பாவாடை வைத்திருந்தேன். பாலியெஸ்டர் சேலைக்குள் பாலியெஸ்டர் பாவாடை. நடக்கும் ஒவ்வொரு அடியிலும் இரண்டும் உரசும். இப்போது எல்லோரும் போடும் இறுக்கமான ஷேப்வேர் பாவாடையும் நைலான், பாலியெஸ்டர், ஸ்பாண்டெக்ஸ் கலவைதான்.

பருத்திப் பாப்ளின் பாவாடை வாங்குங்கள். பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் சேலைக் கடைகளிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். எனக்கு 18 வெள்ளி ஆயிற்று. கேட்கும்போது ‘காட்டன்’ என்று மட்டும் கேட்காதீர்கள், கலப்புத் துணியையும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். கையில் ஒரு மூலையைப் பிடித்துக் கசக்கி விடுங்கள். சுருக்கம் அப்படியே நின்றால் பருத்தி. உடனே விரிந்து வழவழவென்று ஆகிவிட்டால் கலப்பு. புதுப் பாவாடையை ஒரு தடவை துவைத்த பிறகு கட்டுங்கள், கஞ்சி போகட்டும்.

பஞ்சாபி சூட், பாஜு கூரோங் (மலாய்ப் பெண்களின் நீள உடை) போடுபவர்களும் இதே வழியில் உள்ளே மெல்லிய பருத்திப் பாவாடையோ பருத்திக் காற்சட்டையோ போடலாம். ஆண்களுக்கு: பாலியெஸ்டர் காற்சட்டை கெண்டைக்காலில் ஏறி நிற்கிறது என்றால், உள்ளே போடும் நைலான் காலுறையைப் பருத்திக் காலுறையாக மாற்றுங்கள்.

குளித்து வந்ததும் காலுக்குக் கொஞ்சம் லோஷன் தடவுவதும் உதவும். வறண்ட தோலில்தான் துணி ஒட்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் பட்டில் கறை படியும், அதனால் லோஷன் போதும். காய ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டுச் சேலை கட்டுங்கள்.

7. அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டால்

மலேசியாவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர நடைமுறையில், வேலையிடத்தின் ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காட்டுக்குள், வெப்பநிலை 23 முதல் 26 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. 40க்குக் கீழே இறங்கினால் துணி ஒட்டுவதும் ஷாக் அடிப்பதும் கூடும். உங்கள் இடத்தில் உதடு வெடிக்கிறது, கண் எரிகிறது, கூடவே ஆளாளுக்குச் சுருக் சுருக்கென்று ஷாக் என்றால் கட்டட நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

அதுவரைக்கும் பைக்குள் மூன்று சாமான்கள் போதும். கையளவு ஸ்ப்ரே பாட்டில், நான்கு ஊக்கு, ஒரு சின்ன லோஷன். வேகமாகப் பலிப்பது தண்ணீர். கழிப்பறைக்குப் போய், சேலையின் மேல்பக்கத்தை விட்டுவிட்டு, உள்பாவாடையின் வெளிப்பக்கத்தில் முழங்காலுக்குக் கீழே இரண்டு முறை பூப்போல அடியுங்கள். ஒரு நிமிடம் நின்று நடங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். பாட்டில் இல்லையென்றால் கையை நனைத்து உதறி, அந்த ஈரக்கையால் தடவினாலும் சரி. பட்டுச் சேலை என்றால் தண்ணீர்க் கறை விழும். பாவாடையில் மட்டும் அடியுங்கள்.

ஊக்கு என்றால் கொசுவத்தின் உள்மடிப்பில் அடியோரம் ஒன்று, பாவாடைத் தையலில் ஒன்று, வெளியே தெரியாமல். சேலை லேசாக ஒட்டும் நாட்களில் இது போதும். மோசமான நாளில் தண்ணீர்தான். கதவைத் தொடும் முன் சாவியைக் கையில் பிடித்து, சாவியால் இரும்பைத் தொடுங்கள். பொறி சாவி முனையில் போய்விடும், விரலுக்கு வலிக்காது. பொறி நமக்கு உறைப்பதற்கே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். பாயும் மின்னூட்டம் மிகக் குறைவு, அதுவும் கண நேரம்தான் என்பதால்தான் ஆபத்தில்லை.

பெட்ரோல் நிலையத்தில் மட்டும் கவனம். எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஏர்கோனுக்காகக் காருக்குள் போய் உட்கார்ந்து, மறுபடி இறங்கி வந்து குழாயைப் பிடிக்காதீர்கள். இருக்கையில் உரசி இறங்கும்போது உடம்பில் மின்னூட்டம் ஏறும். அங்கே ஒரு சின்னப் பொறி போதும். உள்ளே போயே ஆக வேண்டியிருந்தால், இறங்கியதும் குழாய்க்குத் தூரமாக உள்ள கார்க் கதவின் இரும்பை வெறுங்கையால் தொட்டுவிட்டு வாருங்கள்.

8. நான் காசும் நேரமும் விட்ட இடங்கள்

அலுமினியத் தாள் உருண்டை: டிரையரில் இரண்டு மூன்று போட்டால் போதும் என்று சொல்வார்கள். பொது டோபியில் போடாதீர்கள். டிரம் அடுத்தவரும் பயன்படுத்துவது. பிய்ந்து வரும் ஓரம் மெல்லிய துணியையும் இழுத்துவிடும்.

வினிகர்: கடைசி அலசலில் கால் கோப்பை ஊற்றினால் சோப்பு மிச்சம் போகும், துணி கொஞ்சம் மிருதுவாகும். பாலியெஸ்டரில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளைத் துணிக்குக் குளோரக்ஸ் (பிளீச்) ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் கவனியுங்கள்: குளோரக்ஸும் வினிகரும் ஒரு வாளியில் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத யார்டில் அது நெஞ்சை அடைக்கும்.

கம்பளிப் பந்து: டிரையரில் துணியோடு போடுவது. ஆறு பந்து 30 வெள்ளி கொடுத்து வாங்கினேன். துணியைப் பிரித்துவிடுவதால் சீக்கிரம் காய்கிறது. ஒட்டல் குறைய அது மட்டும் போதவில்லை. வீட்டிலேயே டிரையர் வைத்திருப்பவர்களுக்குச் சரி.

டிரையர் தாள்: டிரையரில் துணியோடு போடும், சாப்ட்னர் பூசிய தாள். பெரிய பேரங்காடிகளில் கிடைக்கும். பலிக்கிறது. ஒரு சுமைக்கு ஒரு தாள், அதுவும் ஒரு தடவைதான். சாப்ட்னர் போட்டுத் துவைத்த துணிக்கு மறுபடி இது தேவையில்லை. இரண்டில் ஒன்று போதும்.

9. கல்யாணம், கோயில் என்றால் முந்தின நாளே தொடங்குங்கள்

காலை ஆறு மணிக்குக் கட்ட வேண்டிய சேலையை ஐந்து மணிக்கு எடுத்து இஸ்திரி போடுவதுதான் பல பேர் செய்வது. காய்ந்த இஸ்திரிப் பெட்டியைப் பாலியெஸ்டரில் தேய்ப்பதும் உரசல்தான். முந்தின நாள் மாலையே நீராவியோடு, குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டு, ஏர்கோன் இல்லாத இடத்தில் தொங்கவிட்டு வையுங்கள். உள்பாவாடையும் பக்கத்திலேயே தொங்கட்டும். காலையில் லோஷன், பாவாடை, அதன்மேல் இரண்டு ஸ்ப்ரே தண்ணீர், அப்புறம் சேலை. இதற்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பத்துமலைக்கோ வேறு கோயிலுக்கோ காரில் போகிறவர்கள் இருக்கையில் ஒரு பருத்தித் துண்டை விரித்து அதன்மேல் உட்காருங்கள். இறங்கும்போது கொசுவம் கலையாது.

கடைசி நேரத்தில் முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைச் சேலைக்குள் அடித்துவிட்டு ஓடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஒட்டல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அது சட்டென்று தீப்பிடிக்கும் பொருள், பாலியெஸ்டரோ தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அடுத்த கால்மணி நேரத்தில் கற்பூரத் தட்டுக்கு முன்னாலோ ஹோம குண்டத்துக்குப் பக்கத்திலோ நிற்கப் போகிறீர்கள். அந்த ஸ்ப்ரேயை வீட்டிலேயே வைத்துவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலைக் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.